உட்காரவும் வேண்டும், எழுந்திருக்கவும் வேண்டும்: சிங்கப்பூர்ப் பெஞ்சுகளை வரைபடத்தில் ஏற்ற முழுமையான வழிகாட்டி

அடுக்குமாடி புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம் 300 மீட்டர் என்றால் பலருக்கு அது நாலு நிமிட நடை. முழங்கால் வலியோ மூச்சிரைப்போ உள்ளவருக்குக் கணக்கே வேறு. நடுவில் எங்கே உட்காரலாம், உட்கார்ந்தால் யார் துணையும் இல்லாமல் எழுந்திருக்க முடியுமா? இதற்கு விடை தெரியாதவர்கள் பெரும்பாலும் வெளியே கிளம்புவதே இல்லை. மக்கள் அதிகம் நடக்கும் இடங்களில் 50 மீட்டருக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்று பிரிட்டன் போக்குவரத்துத் துறையின் வழிகாட்டி சொல்கிறது. 2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்பது அரசாங்கமே திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு.

நம் ஊரில் பெஞ்சுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் தகவலுக்குத்தான். வரைபடத்தில் பெஞ்சு என்று ஒரு புள்ளி இருக்கும். முதுகு சாய முடியுமா, கை ஊன்ற ஏதாவது உண்டா, மழைக்குத் தாங்குமா என்று எதுவும் இருக்காது. பூங்காவில் பேச்சுக்கொடுத்த ஒரு பாட்டி சொன்னார்: “பெஞ்சு நெறைய போட்டிருக்காங்க தம்பி. உக்காந்தா எந்திரிக்கத்தான் ஆள் தேடணும்.” இந்த வழிகாட்டி அவருடைய பிரச்சினைக்காக எழுதப்பட்டது. புள்ளி வைப்பது சுலபம். புள்ளிக்குள் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

எங்கே பதிவது

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதியுங்கள். 2004இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய திறந்த உலக வரைபடம் இது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆதாரம் குறிப்பிட்டு, உரிம நிபந்தனைகளை மதித்தால் யார் வேண்டுமானாலும் தரவை எடுத்துப் பயன்படுத்தலாம். தனியாக ஒரு கூகல் ஷீட் திறந்து பெஞ்சுப் பட்டியல் போடும் ஆசை எல்லாருக்கும் வரும். வேண்டாம். ஆரம்பித்தவர் வேலை மாறியதும் அந்த ஷீட் அப்படியே உறங்கிவிடும். திறந்த வரைபடத்தில் போட்டால் நாளைக்கு முன்பின் தெரியாத ஒருவர் அதை வைத்து நல்ல செயலி ஒன்று எழுதக்கூடும்.

முதலில் ஒரு கணக்கு வேண்டும். மின்னஞ்சல் இருந்தால் போதும். உங்கள் திருத்தங்கள் உங்கள் பயனர்பெயரோடு எல்லார் கண்ணிலும் படும். வீட்டைச் சுற்றியே பதியப் போகிறவர்கள் சொந்தப் பெயரை வைக்காமல் வேறொரு பெயர் வைத்துக்கொள்வது நல்லது.

எந்தச் செயலி

ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட்டில் ஆரம்பியுங்கள். ஏற்கெனவே வரைபடத்தில் உள்ள பொருள்களைப் பற்றி அது ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும்: இந்தப் பெஞ்சுக்கு முதுகுச்சாய்வு உண்டா, இந்தப் பேருந்து நிறுத்தத்தில் பெஞ்சு உண்டா, இந்தப் படிக்கட்டில் கைப்பிடி உண்டா. தொட்டுப் பதில் சொன்னால் போதும். குறிச்சொல், அதாவது வரைபடத்தில் ஒவ்வொரு விவரத்தையும் பதியும் ஆங்கிலச் சொல், எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்தக் கேள்விகள் வர வேண்டும் என்பதை அமைப்புகளில் தேர்ந்தெடுக்கலாம். பெஞ்சுக் கேள்வி கண்ணில் படவே இல்லை என்றால் அங்கே போய்ப் பாருங்கள்.

புதிய பெஞ்சுகளைச் சேர்க்கவும் கூடுதல் விவரம் எழுதவும் எவ்ரி டோர் என்ற செயலி வசதியானது. ஐஃபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் ஓடும். நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள பெஞ்சு, குப்பைத்தொட்டி போன்ற சின்னச் சின்னப் பொருள்களைக் காட்ட அதில் தனிப் பகுதி உண்டு. ஒரே எச்சரிக்கை: வேலை முடிந்ததும் பதிவேற்றும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தும்வரை எல்லாம் உங்கள் கைப்பேசியில்தான் கிடக்கும்.

வீட்டில் கணினி முன் உட்கார்ந்து திருத்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்திலேயே ஒரு தொகுப்பான் இருக்கிறது. ஆனால் வான்படத்தைப் பார்த்துப் பெஞ்சு தேடாதீர்கள். இந்த ஊரில் பாதிப் பெஞ்சு மழைமரத்தடியில், மீதிப் பாதி கூரைக்கடியில். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கால்நடையாகப் போய்த்தான் ஆக வேண்டும்.

வட்டாரமாக எடுக்காதீர்கள், வழியாக எடுங்கள்

‘தோ பாயோ முழுவதும்’, ‘ஈசூன் முழுவதும்’ என்று கிளம்பினால் பாதியில் நிற்கும். அதைவிட, ஒரு முதியவர் உண்மையிலேயே நடக்கும் ஒரு வழியை எடுத்துக்கொள்ளுங்கள். புளோக்கிலிருந்து பலதுறை மருந்தகம், எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து ஈரச்சந்தை, பேருந்து நிறுத்தத்திலிருந்து கோயில், இப்படி. ஒரு வழி முழுசாக முடிந்தால் அன்றே ஒருவருக்குப் பயன்படும். அரைகுறையாக முடிந்த வட்டாரத்தால் யாருக்கும் லாபமில்லை.

தேக்காவை எடுத்துக்கொள்வோம். லிட்டில் இந்தியா எம்ஆர்டியில் இறங்கித் தேக்கா நிலையத்தில் காய்கறி வாங்கி, சிராங்கூன் சாலை வழியாக வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போவது நம்மவர்களுக்குப் பழகிய வழி. தூரம் குறைவுதான். ஆனால் கடைகள் நெருக்கமாக இருக்கும் ஐந்தடிப் பாதையில் (கடைமுன் கூரையிட்ட நடைபாதை) காசு கொடுக்காமல் உட்கார எத்தனை இடம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டே நடங்கள். காப்பிக் கடை நாற்காலியில் உட்கார ஒரு தேத் தாரிக் வாங்க வேண்டும். அது பொது இருக்கை ஆகாது. வரைபடத்திலும் பெஞ்சாகப் போடக்கூடாது. இப்படி ஒரு வழியை எடுத்தால் பெஞ்சு இல்லாத நீளமும் கண்ணில் படும். அதுவும் நமக்கு வேண்டிய தகவல்தான்.

நேரமும் முக்கியம். ஞாயிறு மாலையில் லிட்டில் இந்தியாவில் பெஞ்சு இருக்கும், ஆனால் வாரம் முழுக்க நின்று உழைத்த தொழிலாளர்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை எழுப்பிவிட்டுக் கைப்பிடியைப் பார்ப்பது அழகல்ல. வார நாள் காலையில் போங்கள்.

பெஞ்சின் முன்னால் நின்று என்ன பார்ப்பது

முதலில் உட்காருங்கள். பிறகு கையை எங்கும் ஊன்றாமல் எழுந்து பாருங்கள். உங்களுக்கே தொடை இழுத்தால் எழுபது வயதுக்காரருக்கு அது எட்டாத பெஞ்சு. இந்தச் சோதனை வரைபடத்தில் ஏறாது. ஆனால் அடுத்துப் பார்க்க வேண்டியவற்றை ஏன் பார்க்கிறோம் என்று உடம்புக்குப் புரியும்.

அடுத்து முதுகுச்சாய்வு. ‘பேக்ரெஸ்ட்’ என்ற குறிச்சொல்லுக்கு ஆம் அல்லது இல்லை என்பதுதான் விடை. பெஞ்சுக்குப் பின்னால் சுவர் இருந்தால்? நிமிர்ந்து உட்காரும்போது முதுகு உண்மையிலேயே சுவரில் படாவிட்டால் இல்லை என்றே போடுங்கள். ஒரு முழம் தள்ளியிருக்கும் சுவரில் சாய்ந்தால் முதுகு வளைந்து போவதுதான் மிச்சம்.

கைப்பிடிதான் என்னைப் பொறுத்தவரை முதலிடம். ‘ஆர்ம்ரெஸ்ட்’ என்ற குறிச்சொல்லை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். முதுகுச்சாய்வு உட்கார்ந்திருக்கும்போது உதவும். எழுந்திருக்கும்போது உதவுவது கைப்பிடி. அது இல்லாத பெஞ்சில் உட்கார்ந்தவர் போகிற வருகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெஞ்சின் இரு ஓரங்களிலும் இருக்கும் கைப்பிடி வேறு, யாரும் படுத்துவிடக்கூடாது என்று நடுவில் மட்டும் வைக்கும் கைப்பிடி வேறு. ‘ஆம்’ என்ற ஒரே சொல் இரண்டையும் விழுங்கிவிடும். அதனால் விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேருங்கள்: “கைப்பிடி நடுவில் மட்டும்.” இருக்கைகள் தனித்தனியாகப் பிரிந்திருந்தால் அதைச் சொல்லவும் ஒரு குறிச்சொல் உண்டு.

நடுக் கைப்பிடி பற்றிச் சண்டை போடுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். படுக்க இடமில்லாமல் செய்வது இரக்கமற்றது என்பார் ஒருவர். இரண்டு பேர் கை ஊன்றி எழ அதுவே உதவுகிறது என்பார் இன்னொருவர். வரைபடம் தீர்ப்பு சொல்லும் இடமல்ல. இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள்.

உயரத்துக்கு ஒரு சின்ன அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தரையிலிருந்து இருக்கைவரை 45 முதல் 48 செ.மீ. இருந்தால் முதியவர்களில் பெரும்பாலோருக்கு எழ வசதி. 40க்குக் கீழே இறங்கினால் சிரமம். மரத்தைச் சுற்றிக் கட்டிய தாழ்வான திண்டுகள் பல இந்த வகைதான். அளவை விளக்கக் குறிப்பில் எழுதுங்கள். உயரத்துக்கான பொதுவான குறிச்சொல்லில் போட்டால், அது இருக்கையின் உயரமா முழுப் பெஞ்சின் உயரமா என்று படிப்பவருக்குத் தெரியாது.

எத்தனை பேர் உட்காரலாம் என்பதற்கு, ஆளுக்கு 60 செ.மீ. என்று வைத்து எண்ணினால் போதும். பொருள் மரமா, உலோகமா, சிமெண்டா என்பதையும் சேருங்கள். இங்கே அது அலங்காரத் தகவல் அல்ல. மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் காய்ந்த உலோகப் பெஞ்சில் கையை வைத்துப் பார்த்தவருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கூரை இருக்கிறதா என்பதற்கு ‘கவர்டு’ என்ற குறிச்சொல். கூரை என்றால் மழைக்குத் தாங்கும் கூரை. மரநிழலுக்கு இதில் ஆம் போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் நம்பிப் போனவர் தொப்பலாக நனைவார். நிழலைக் குறிப்பில் எழுதலாம், அல்லது மரத்தையே தனியாக வரைபடத்தில் சேர்த்துவிடலாம்.

திசையைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். உட்கார்ந்தவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அதுதான் பெஞ்சின் திசை. வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 டிகிரி. கைப்பேசித் திசைகாட்டியை வைத்து எடுக்கலாம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி சொச்சம்தான் வடக்கே. நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் இருப்பதால் புளோக்கின் நிழல்கூட நீளாது. அப்புறம் மாலையில் மேற்குப் பக்கம் இறங்கி, ஏழு மணிவாக்கில் மறையும். மேற்கு பார்த்த பெஞ்சுக்கு மறைப்பு இல்லாவிட்டால் நாலரையிலிருந்து ஆறரைவரை நேரே முகத்தில் அடிக்கும். தாத்தா பாட்டிகள் கீழே இறங்கி வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான். சாய்வே இல்லாமல் இரு பக்கமும் உட்காரக்கூடிய பெஞ்சுக்குத் திசை போட வேண்டாம்.

கடைசியாக ஒன்று, எளிதாகத் தெரிந்தாலும் பலர் செய்யாதது: இல்லாததையும் எழுதுங்கள். கைப்பிடி பற்றி எதுவும் எழுதாத பெஞ்சும், ‘கைப்பிடி இல்லை’ என்று எழுதிய பெஞ்சும் ஒன்றல்ல. முதலாவது, இன்னும் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்கிறது. இரண்டாவது, பார்த்தாயிற்று, நம்பி வராதீர்கள் என்கிறது. வழி தேடுகிறவருக்கு இரண்டாவது பதிலின் மதிப்பு ‘ஆம்’ என்ற பதிலுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

புளோக் கீழ்த்தளத்தின் குழப்பங்கள்

வெளிநாட்டு வழிகாட்டிகள் எதிலும் இந்தப் பகுதி இருக்காது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்காரும் பொருள்கள் பலவகை. சதுரங்கக் கட்டம் போட்ட சிமெண்டு மேசையும் அதைச் சுற்றிய உருளை முக்காலிகளும் பெஞ்சு அல்ல. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் முதுகுச்சாய்வு பற்றிக் கேட்கும்போது, இது மேசையோடு சேர்ந்த இருக்கை என்று சொல்ல அதிலேயே ஒரு விடை இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள்.

அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து போட்ட பழைய சோபாவும் பிளாஸ்டிக் நாற்காலியும் இன்னொரு ரகம். உண்மையைச் சொன்னால் புளோக்கிலேயே சொகுசான இருக்கை அதுதான். கைப்பிடி, சாய்வு, மெத்தை எல்லாம் இருக்கும். ஆனால் நகர மன்றம் எடுத்துப் போகும் நாள்வரைதான் அது அங்கே இருக்கும். தரையில் பதிக்காத எதையும் வரைபடத்தில் போடாதீர்கள்.

பூச்செடித் தொட்டியின் விளிம்பு? மேலே மரப்பலகை அடித்து, உட்காரவென்றே செய்திருந்தால் பெஞ்சு. வெறும் சிமெண்டு விளிம்பு என்றால், நாம் எத்தனை முறை உட்கார்ந்திருந்தாலும் பெஞ்சு அல்ல.

பேருந்து நிறுத்தத்துக்கு இரண்டு வழி உண்டு. நிறுத்தத்தின் புள்ளியிலேயே ‘பெஞ்சு உண்டு’ என்று குறிக்கலாம்; அல்லது பெஞ்சைத் தனிப் புள்ளியாக வைக்கலாம். அவசரத்துக்கு முதலாவது போதும். சாய்வும் கைப்பிடியும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் மாறுவதால், முதியோர் அதிகம் ஏறி இறங்கும் நிறுத்தங்களுக்கு மட்டுமாவது தனிப் புள்ளி வையுங்கள்.

புள்ளியைச் சரியான இடத்தில் வைப்பது

உயரமான புளோக்குகளுக்கு நடுவே ஜிபிஎஸ் தடுமாறும். கீழ்த்தளத்துக்குள் போனால் கேட்கவே வேண்டாம். நீல வட்டம் சாலைக்கு அந்தப் பக்கம்கூட நிற்கும். அதை நம்பிப் புள்ளி வைக்காதீர்கள். புளோக்கின் சுவர்க்கோடு, கூரை நடைபாதை, விளையாட்டுத் திடல் ஆகியவை வரைபடத்தில் இருந்தால், அவற்றைப் பார்த்து ‘மூலையிலிருந்து மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில்’ என்று மனத்தால் அளந்து வையுங்கள். இரண்டு மூன்று மீட்டர் பிசகினால் பரவாயில்லை. கால்வாயின் தவறான கரையில் விழுந்துவிடக்கூடாது, அவ்வளவுதான்.

பெஞ்சுவரை போக முடிகிறதா

நல்ல பெஞ்சு, கைப்பிடி, சாய்வு, கூரை எல்லாம் உண்டு. ஆனால் நடைபாதையிலிருந்து அதை அடைய ஒரு கால்வாயைத் தாண்டிப் புல்வெளியில் இறங்க வேண்டும். சக்கர நாற்காலிக்காரருக்கும் நடைத்துணைச் சட்டம் பிடித்து நடப்பவருக்கும் அந்தப் பெஞ்சு இல்லாததற்குச் சமம். பெஞ்சின் மேலேயே ‘சக்கர நாற்காலிக்கு ஏற்றது’ என்று குறிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. பெஞ்சுவரை உருட்டிப் போகலாம் என்று அர்த்தமா, பக்கத்தில் நிறுத்த இடம் உண்டு என்று அர்த்தமா, படிப்பவருக்குப் புரியாது. அதைவிடப் பாதையை எழுதுங்கள். தரை சிமெண்டா புல்லா, நடைபாதை விளிம்பு தாழ்த்தப்பட்டதா, நடுவில் படி உண்டா, எத்தனை படி, கைப்பிடி உண்டா. இவற்றில் பலவற்றை ஸ்ட்ரீட்கம்ப்ளீட்டே கேட்கும்.

பெஞ்சின் பக்கவாட்டில் சமதளமான இடம் இருக்கிறதா என்று மட்டும் குறிப்பில் சேருங்கள். சுமார் 90 செ.மீ. அகலமும் 120 செ.மீ. நீளமும் இருந்தால் சக்கர நாற்காலியில் வருபவர் துணைக்கு வந்தவரின் அருகிலேயே இருக்கலாம். அந்த இடம் இல்லாவிட்டால் அவர் பாதையின் நடுவில் நிற்க நேரும். பூங்கா இணைப்புப் பாதை என்றால் பின்னாலிருந்து சைக்கிள் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

செய்யக்கூடாதவை

கூகல் மேப்ஸைப் பார்த்தோ அதன் தெருப்படத்தைப் பார்த்தோ எதையும் நகல் எடுக்காதீர்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அதை அனுமதிப்பதில்லை. உரிமச் சிக்கல் வரும். எங்காவது பட்டியல் கிடைத்தால் அதை மொத்தமாக ஏற்றிவிடவும் கூடாது. உரிமத்தைப் பார்த்து, முதலில் வரைபடச் சமூகத்தில் பேசிய பிறகே செய்ய வேண்டிய வேலை அது.

படம் எடுத்தால் பெஞ்சை மட்டும் எடுங்கள். உட்கார்ந்திருக்கும் மனிதரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். யாராவது “என்ன தம்பி, கம்ப்ளெயிண்டா?” என்று கேட்டால் நின்று விளக்குங்கள். “அங்க ஒண்ணு உடைஞ்சு கெடக்கு, அதையும் எழுதிக்க” என்று வழிகாட்டுபவர்கள் அவர்கள்தான்.

ஏற்றிய பிறகு

கணினித் தொகுப்பானில் திருத்தத்தைச் சேமிக்கும்போது ஒரு வரிக் குறிப்பு கேட்கும். எந்த வழி, நேரில் பார்த்தது என்று எழுதினால் போதும். திருத்தம் தரவுத்தளத்தில் உடனே ஏறிவிடும். வரைபடத்தில் பெஞ்சுச் சின்னத்தைப் பார்க்க நன்றாகப் பெரிதாக்க வேண்டும். தெரியவில்லையே என்று இரண்டாவது முறை சேர்த்துவிடாதீர்கள். இணையமின்றி ஓடும் வரைபடச் செயலிகளில் அடுத்த புதுப்பிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

சேர்த்ததை மொத்தமாகப் பார்க்க ஓவர்பாஸ் டர்போ என்ற இணையக் கருவி உண்டு. அதன் விசார்டு பெட்டியில் ‘அமெனிட்டி=பெஞ்ச்’ (amenity=bench) என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி ஓடவிட்டால் திரையில் தெரியும் பகுதியின் பெஞ்சுகள் எல்லாம் வந்து நிற்கும். கைப்பிடி உள்ளவை மட்டும், கைப்பிடி பற்றி எதுவும் எழுதப்படாதவை மட்டும் என்று வடிகட்டலாம். இந்த இரண்டாவது பட்டியல்தான் அடுத்த வாரத்துக்கான உங்கள் வேலை. முடிவை இறக்கி யூமேப் என்ற இணையதளத்தில் ஏற்றினால் தமிழ்த் தலைப்போடு சொந்த வரைபடம் கிடைக்கும்: கைப்பிடி உள்ளது பச்சை, இல்லாதது சிவப்பு. அதை அச்செடுத்துப் பக்கத்துச் சமூக மன்றத்திலோ முதியோருக்கான நிலையத்திலோ கேட்டு ஒட்டலாம். கைப்பேசி பார்க்காதவர்களுக்குத்தான் இந்தத் தகவல் அதிகம் தேவைப்படுகிறது. எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள்.

உடைந்த பெஞ்சைப் பார்த்தால் வரைபடத்தில் குறித்ததோடு விடாதீர்கள். வீவக வட்டாரம் என்றால் நகர மன்றத்துக்கும், பூங்கா என்றால் தேசியப் பூங்காக் கழகத்துக்கும் போக வேண்டிய புகார் அது. யாருடையது என்று தெரியாவிட்டால் ஒன்சர்வீஸ் செயலியில் படத்தோடு அனுப்புங்கள். பழுது பார்த்ததும் அந்த வழியே ஒருமுறை நடந்து, பார்த்த தேதியையும் பெஞ்சின் விவரத்தில் சேருங்கள். பழைய பெஞ்சை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தால், சாய்வு, கைப்பிடி, உயரம் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டது பழையதைவிட வசதியாகத்தான் இருக்கும் என்று உட்கார்ந்து பார்க்காமல் எழுதிவிடாதீர்கள்.